தமிழ்நாட்டில் தனியாக ஸ்ட்ரக்சுரல் டிசைன் தொழில்: முதல் காகிதத்திலிருந்து கடைசி பில் வரை

கன்சல்டன்சி வேலையை விட்டுத் தனியாக உட்கார்ந்த முதல் ஆண்டில் என் நேரத்தில் பாதி டிசைனில் போகவில்லை. எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் கேட்பார்கள், பில்லில் என்ன எழுதவேண்டும், பில்டர் பிடித்த வரி எங்கே போனது என்று அலைந்ததில் போனது. காலம் (தூண்), பீம் (உத்தரம்), ஃபூட்டிங் (தூணின் அடித்தளம்) எல்லாம் கல்லூரியும் அலுவலகமும் கற்றுக்கொடுத்திருந்தன. இதைச் சொல்லித்தர மட்டும் ஆளில்லை. நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்து வருபவர் அதே இடங்களில் இடறக்கூடாது என்பதற்காக, செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வீடு, சிறு அடுக்குமாடி, பள்ளி, கடைக் கட்டடம் போன்றவற்றின் ஸ்ட்ரக்சுரல் டிசைனை, அதாவது அவை தாங்கி நிற்பதற்கான கணக்கையும் டிராயிங்கையும், தனியாளாகவோ ஒரு டிராஃப்ட்ஸ்மேனை வைத்துக்கொண்டோ எடுத்துச் செய்பவருக்கானது இது.

1. டிசைனரா, கான்ட்ராக்டரா? முதல் நாளே பிரித்துவிடுங்கள்

நம் பக்கம் 'கான்ட்ராக்டர்' என்றால் கட்டிக்கொடுப்பவர். நீங்கள் டிசைன் வேலையைக் கான்ட்ராக்டாக எடுத்தாலும் அந்தப் பெயரைப் பில்லில் போடாதீர்கள். வெறும் பெயர்தானே என்று நினைக்கவேண்டாம். தனிநபர் கான்ட்ராக்டருக்குப் பணம் தரும் நிறுவனம் 1 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தருமுன் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்கும். தொழில்முறைச் சேவைக்குப் பிடிப்பது 10 சதவீதம். வருமான வரிக் கணக்கிலும் இரண்டுக்கும் தனித்தனி விதி.

என் முதல் பெரிய பில்லில் "ஸ்ட்ரக்சுரல் ஒர்க்" என்று மொட்டையாக எழுதியிருந்தேன். பில்டரின் கணக்காளர் அதைக் கட்டுமானக் கான்ட்ராக்ட் என்று பதிந்து 1 சதவீதம் பிடித்தார். நான் தொழில்முறை வருமானமாகக் கணக்கு தாக்கல் செய்தேன். வரித்துறைப் பதிவில் ஒன்று, என் தாக்கலில் வேறொன்று. விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதி, பில்டரிடம் கெஞ்சித் திருத்தம் போடவைத்து முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து எல்லாப் பில்லிலும் "கட்டட ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆலோசனைக் கட்டணம்" என்றுதான் எழுதுகிறேன்.

கட்டிக்கொடுக்கும் வேலையும் எடுப்பதாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி பில். ஒரே தாளில் கலக்காதீர்கள்.

2. வேலையை விடுவதற்கு முன்பே வாங்கவேண்டியவை

ராஜினாமா கொடுத்தபின் பழைய அலுவலகத்தில் எதையும் வாங்குவது கடினம். அனுபவச் சான்றிதழில் 'சிவில் இன்ஜினியர்' என்று மட்டும் இருந்தால் போதாது. 'ஸ்ட்ரக்சுரல் டிசைன்' என்ற சொல், சேர்ந்த தேதி, விலகிய தேதி, நிறுவனத்தின் முத்திரை நான்கும் இருக்கவேண்டும். நீங்கள் டிசைன் செய்த கட்டடங்களின் பட்டியலை, எத்தனை தளம், எவ்வளவு சதுர அடி என்ற விவரத்தோடு இணைப்பாகக் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பதிவின்போது உங்கள் தரத்தை முடிவு செய்வது இந்தத் தாள்தான்.

பட்டச் சான்றிதழ் புரொவிஷனலாகவே பெட்டியில் கிடந்தால் பட்டமளிப்புச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

அடுத்தது இனிஷியல். நம்மில் பலருக்கு டிகிரியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையிலோ அப்பா பெயரே முழுதாக விரிந்து நிற்கும். உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), ஜி.எஸ்.டி., வங்கி மூன்றும் பான் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் விண்ணப்பம் திரும்பும். திருத்தத்துக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் சம்பளம் வரும்போதே இதை முடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் பான் பெயரோடு ஒத்துப்போகச் செய்வதே எளிது.

கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும். முதல் வேலை முதல் மாதமே வரலாம், அதன் முழுப்பணம் ஐந்தாவது மாதம்தான் வரும்.

பழைய அலுவலகத்தின் எக்செல் ஷீட்டுகளையும் டிராயிங்குகளையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அவை உங்களுடையவை அல்ல. அதோடு, அடுத்தவர் எழுதிய ஷீட்டில் உள்ள தவறுக்கு இனி உங்கள் கையெழுத்து பதில் சொல்லவேண்டியிருக்கும்.

3. உத்யம் பதிவு, கரண்ட் அக்கவுண்ட்

தனியுரிமையாளராகத் தொடங்குவதற்குத் தனிச் சட்டப் பதிவு எதுவும் வேண்டாம். பான் அட்டை உங்களுடையதே. ஆனால் உத்யம் பதிவை முதல் பில்லுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஆதார், பான், ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இருந்தால் ஒரே அமர்வில் முடியும். கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல, அதன் சாயலில் நிற்கும் இடைத்தரகர் தளம். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது பலமுறை அதுதான்.

உத்யம் ஏன் அவசரம் என்பது 12-ஆம் பகுதியில் வருகிறது. வேலை முடிந்து பணம் நின்றபிறகு பதிந்தால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குறியாகிவிடும்.

அந்தச் சான்றிதழைக் கொண்டே தொழில் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கலாம். தனியுரிமைத் தொழிலுக்கு வங்கிகள் வழக்கமாக இரண்டு சான்றுகள் கேட்பார்கள். இரண்டாவதாக ஜி.எஸ்.டி. சான்றிதழோ உள்ளாட்சிப் பதிவோ கொடுக்கலாம். எடுத்தவுடன் அதிகக் குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தொழில்வரியையும் மறக்கவேண்டாம். சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்ததை இனி நீங்களே உள்ளாட்சி அமைப்பில் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டவேண்டும். அரசியலமைப்புச் சட்டப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது.

4. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராகப் பதிவு

ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் நாடு முழுமைக்கும் ஒரு கவுன்சிலும் இருக்கின்றன. இன்ஜினியர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ்தான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பதிவு நடக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்), இவற்றோடு உள்ளாட்சி அமைப்புகள். உங்கள் முதல் வேலை யாருடைய எல்லைக்குள் வருகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். பட்டியலில் உங்கள் பெயர் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்தபிறகே அங்கு போகும் தாளில் கையெழுத்திடுங்கள்.

கொண்டுபோகவேண்டியவை: பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், அனுபவச் சான்றிதழ், ஆதார், பான், முகவரிச் சான்று, புகைப்படம். எல்லாவற்றுக்கும் ஒரிஜினலும் சுய கையொப்பமிட்ட நகலும் வேண்டும். இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஜியோடெக்னிக்கல் (மண் ஆய்வு) இன்ஜினியர் ஆகியோருக்குத் தனித்தனிப் பிரிவுகள். சிவில் டிகிரி இருக்கிறதே என்று வெறும் 'இன்ஜினியர்' பிரிவில் பதிந்துகொண்டு ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் (கட்டடம் உறுதியாக நிற்கும் என்ற சான்று) கொடுத்தவர்கள் உண்டு. அந்தத் தாள் அப்படியே திரும்பி வந்தது. ஸ்ட்ரக்சுரலிலும் தரப் பிரிவு உண்டு. படிப்பையும் அனுபவ ஆண்டுகளையும் பொறுத்து, எவ்வளவு பெரிய கட்டடத்தில் கையெழுத்திடலாம் என்பது மாறும். உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது ஹைரைஸ் கட்டடம். தனியாகத் தொடங்கும் ஆண்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விண்ணப்பத்தில் குறை இருந்தால் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் பத்து நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். பதிவு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். காலாவதியான எண்ணோடு போட்ட கையெழுத்து, பின்னால் தகராறு வரும் நாளில் உங்களுக்கு எதிராகவே பேசும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அனுமதி கிடைத்துவிட்டதே, ஸ்ட்ரக்சுரல் டிராயிங் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்பார். அந்த அனுமதி மனை, உயரம், பக்க இடைவெளி பற்றியது, கம்பியின் கணக்கு பற்றியது அல்ல என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். சிறு வீட்டு வேலைகள் உங்களுக்குக் கிடைப்பதும் நழுவுவதும் இந்த விளக்கத்தில்தான்.

5. ஜி.எஸ்.டி.: எடுக்கவேண்டிய நேரம்

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பதிவு கட்டாயம். தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இந்த 20 லட்சத்தில் உங்கள் பானில் சேவை, விற்பனை, வாடகை என வரும் எல்லா வரவும் சேரும். வீட்டு வாடகை வாங்குபவராக இருந்தால், அதற்கு வரி இல்லாவிட்டாலும் எல்லைக் கணக்கில் அது சேர்ந்துவிடும். நண்பர் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான்.

டிசைன் ஆலோசனைக்கு வரி 18 சதவீதம். வீட்டுக்காரர்களே உங்கள் வாடிக்கையாளர் என்றால் எல்லை வரும்வரை காத்திருங்கள். அவர்களால் அந்த 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்கமுடியாது, உங்கள் விலை அவ்வளவு ஏறியதாகவே அவர்களுக்குத் தெரியும். பெரிய நிறுவனங்களோடு வேலை என்றால் எண் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். அப்போது எடுத்துவிடுவதே சரி. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார் சரிபார்ப்பு தடையின்றி முடிந்தால் 7 வேலைநாளில் எண் வரும். வாடகை வீட்டிலிருந்து செய்தால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் மின்கட்டண ரசீதும் வேண்டும்.

எண் எடுத்துவிட்டால் வேலையே இல்லாத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் (வரவு இல்லை என்ற கணக்குத் தாக்கல்) போடவேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். இன்னொன்று, பில் போட்டதும் வரி கட்டும் கடமை வந்துவிடுகிறது, பில்டர் பணம் தந்தாரா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. வராத பணத்துக்கு என் கைப்பணத்திலிருந்து வரி கட்டிய மாதம் எனக்கு உண்டு. ஒப்பந்தத்தில் கட்டம் கட்டமாகப் பணம் என்று எழுதி, அந்தந்தக் கட்டம் முடியும்போது பில் போட்டு, பணம் வந்தபிறகு அடுத்த டிராயிங் என்று வைத்துக்கொண்டால் இந்த இழப்பு ஒரு கட்டத்தோடு நின்றுவிடும்.

6. மென்பொருளும் தர விதிநூல்களும்

ஈடாப்ஸ், ஸ்டாட் ப்ரோ, ஆட்டோகேட் ஆகியவற்றை உரிமமில்லாமல் ஓட்டாதீர்கள். நோட்டீஸ் வரும் என்பது ஒரு பக்கம். அதைவிட, உடைக்கப்பட்ட மென்பொருள் தந்த கணக்கைத் தகராறு மேசையில் வைத்து வாதாடமுடியாது. தொடக்கத்தில் ஒரே ஒரு அனாலிசிஸ் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா, வரைவதற்கு விலை குறைந்த கேட் மென்பொருள் ஒன்று போதும். ஸ்லாப், ஃபூட்டிங், படிக்கட்டு ஆகியவற்றுக்கு நீங்களே எக்செல் எழுதுங்கள். கையால் சரிபார்த்த இரண்டு எடுத்துக்காட்டுகளை அந்த ஷீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

ஐ.எஸ். கோடுகளை, அதாவது டிசைனுக்கான தர விதிநூல்களை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தளத்தில் பதிவுசெய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐ.எஸ். 456, 875-இன் எல்லாப் பகுதிகள், 1893, 13920, 1904, 6403, ஸ்டீல் வேலை இருந்தால் 800. கூடவே திருத்தப் பக்கங்களையும் எடுங்கள். பழைய அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்த பழைய பதிப்பை வைத்துக்கொண்டு டிசைன் செய்வது நிறையப் பேரிடம் உள்ள பழக்கம்.

7. கட்டணம்

சதுர அடிக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். பதில் சொல்லுமுன் மணிக்கணக்கில் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, தரைத்தளமும் முதல் தளமும் சேர்ந்து 2,400 சதுர அடி வீடு. பிளானைப் படிப்பதும் முதல் மனைப் பார்வையும் 6 மணி, மாடலிங் 10, ஃபவுண்டேஷன் 6, டிராயிங் 24, பேச்சும் ரிவிஷனும் 12, ஐந்து தள ஆய்வுகள் பயணத்தோடு 20. மொத்தம் 78 மணி நேரம். உங்களுக்கு மாதம் 80,000 ரூபாய் வேண்டும், பில் போடக்கூடிய நேரம் மாதத்தில் 110 மணி என்றால், மணிக்குச் சுமார் 727 ரூபாய். இந்த வீட்டுக்கு 56,700 ரூபாய் அளவில் வருகிறது.

இதையே சதுர அடிக்கு 8 ரூபாய் என்று ஒப்புக்கொண்டால் கிடைப்பது 19,200. அதாவது 78 மணி நேர வேலையை 26 மணியில் முடிக்கவேண்டும். எதைக் குறைப்பீர்கள்? டிராயிங்கைக் குறைக்கமுடியாது, அதைத்தான் கையில் வாங்குகிறார்கள். குறைவது சரிபார்ப்பும் தள ஆய்வும். இதனால்தான் மலிவுக் கட்டணம் உங்கள் வருமானத்தோடு நிற்காமல் அந்த வீட்டுக்குள் குடியிருக்கப்போகிறவர்கள் வரை போகிறது என்று நான் சொல்வது. பேரம் பேசினால் கட்டணத்தைக் குறைக்காமல் வேலையின் எல்லையைக் குறையுங்கள். ஐந்து ஆய்வுக்குப் பதில் மூன்று என்று எழுதிக்கொடுங்கள். ஃபவுண்டேஷன் ஆய்வையும் முதல் ஸ்லாப் ஆய்வையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் வாங்கும் முறை: தொடங்கும்போது 30 சதவீதம், ஃபவுண்டேஷன் டிராயிங் தருமுன் 30, முதல் ஸ்லாப் டிராயிங் தருமுன் 30, கடைசி ஸ்லாப் ஆய்வுக்குப்பின் 10. "பிளான் அப்ரூவல் ஆனதும் தருகிறேன்" என்பதை ஏற்காதீர்கள். அப்ரூவல் உங்கள் கையில் இல்லாத விஷயம்.

8. வேலை ஒப்புதல் கடிதம்

இரண்டு பக்கம் போதும். மின்னஞ்சலில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கினாலே பெரிய பலம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் வாங்குவதோடு நிற்காதீர்கள். கடிதத்தில் வரவேண்டியவை: எந்த ஆர்க்கிடெக்ட் டிராயிங், எந்தத் தேதியிட்டது என்பது, எத்தனை தளத்துக்கு டிசைன், எதிர்காலத் தளம் சேர்த்தா இல்லையா, எந்தெந்த டிராயிங்குகள் தருவீர்கள், எத்தனை ரிவிஷன் கட்டணத்துக்குள் அடங்கும், எத்தனை தள ஆய்வு, சாயில் டெஸ்ட் யார் செலவு, சென்டரிங்கும் (காங்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) கட்டுமானத் தரமும் யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில், இடையில் நின்றால் என்ன கணக்கு.

எதிர்காலத் தளம் பற்றிய வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரு வீட்டுக்காரர் தரைத்தளமும் முதல் தளமும் என்று சொல்லி வாங்கிய ஃபூட்டிங்கின்மேல் மூன்றாவது மாடி எழுப்பத் தொடங்கினார். மேஸ்திரி தற்செயலாகச் சொன்னதால் எனக்குத் தெரிந்தது. கடிதத்தில் அந்த வரி இருந்ததால்தான் வேலையை நிறுத்தச் சொல்லி எழுத எனக்கு வழி இருந்தது.

ஒன்பது இன்ச் காலம் பற்றியும் இங்கேயே பேசிவிடுங்கள். "சார், பக்கத்து வீட்ல எல்லாம் ஒம்பது இன்ச்தான், செவுத்துக்கு வெளிய தெரியாது" என்று நிச்சயம் கேட்பார்கள். ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பின்படி காலத்தின் குறைந்தபட்ச அகலம் 300 மி.மீ. அல்லது பீம் கம்பி விட்டத்தின் 20 மடங்கு, இரண்டில் எது பெரிதோ அது. 2016-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 1893-இல் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது, அங்கு இந்த விதி பொருந்தும். சுவரிலிருந்து மூன்று இன்ச் துருத்துவதை ஆர்க்கிடெக்டோடு உட்கார்ந்து அலமாரிக்குள்ளோ கதவு மூலைக்குள்ளோ மறைக்கலாம். பிளான் முடிவாகுமுன் பேசினால் இது அரைமணி நேர வேலை. முடிவானபின் பேசினால் சண்டை.

9. சாயில் டெஸ்ட் இல்லாமல் ஃபூட்டிங் டிராயிங் தராதீர்கள்

"இந்த ஏரியா மண்ணு நல்ல மண்ணு, இருபது டன் தாங்கும்" என்பது அறிக்கை ஆகாது. ஐ.எஸ். 1892 முறைப்படி போர் போட்டு, எஸ்.பி.டி. எண்ணிக்கை (மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் அடிகளின் எண்ணிக்கை), நிலத்தடி நீர் மட்டம், பரிந்துரைக்கும் ஆழம் ஆகியவற்றோடு கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். களிமண் என்றால் ஃப்ரீ ஸ்வெல் (ஈரத்தில் மண் எவ்வளவு உப்பும்) சோதனையும் கேளுங்கள். போர் போடும் நாளில் நீங்களே நேரில் நில்லுங்கள், குறைந்தது முதல் குழிக்காவது. பக்கத்து மனை அறிக்கையில் பெயரை மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. சர்வே எண்ணையும் தேதியையும் குழிகளின் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பிடிபடும்.

அவசரம் என்பார்கள், வாஸ்து நாள் குறித்துவிட்டோம் என்பார்கள். பூமி பூஜைக்கு ஃபூட்டிங் டிராயிங் தேவையில்லை. காலங்கள் வரும் இடத்தைக் குறிக்கும் சென்டர்லைன் டிராயிங் மட்டும் கொடுங்கள்.

குழி தோண்டியபின் அடிமட்டத்தைப் பார்க்காமல் பி.சி.சி. (கம்பியில்லா அடிக் காங்கிரீட்) போட அனுமதிக்காதீர்கள். அறிக்கையில் ஒரு மண்ணும் குழியில் வேறு மண்ணும் வந்த அனுபவம் எனக்கு இரண்டு முறை. இரண்டு முறையும் ஆழத்தை மாற்றவேண்டி வந்தது.

10. டிராயிங் வெளியிடுவதும் தளத்துக்குப் போவதும்

ஒவ்வொரு டிராயிங்கிலும் எண், ரிவிஷன், தேதி. அப்ரூவலுக்கான தாளில் "கட்டுமானத்துக்கு அல்ல" என்று பெரிதாக அடியுங்கள். பி.டி.எஃப். மட்டும் அனுப்புங்கள், கேட் கோப்பை அனுப்பாதீர்கள். எந்தத் தேதியில் எதை யாருக்கு அனுப்பினீர்கள் என்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருங்கள்.

பொதுக் குறிப்புகளில் மேஸ்திரி படிக்கக்கூடிய தமிழில் எழுதுங்கள். இது பலரும் செய்யாதது, ஆனால் நிறையத் தவறைத் தடுக்கும். கவர் (கம்பிக்கு வெளியே விடும் காங்கிரீட் தடிமன்) ஃபூட்டிங்குக்கு 50 மி.மீ., காலத்துக்கு 40 மி.மீ. ரிங் கொக்கி 135 டிகிரி. ஸ்லாப் முட்டு 4.5 மீட்டர் ஸ்பேன் (தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம்) வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், மேலே 21 நாள். இவை ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சம். ஆனால் அவை சாதாரண சிமென்டுக்கும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்துக்கும் சொன்னவை. பி.பி.சி. எனும் கலப்பு சிமென்ட் என்றால் கூடுதல் நாள் விடச்சொல்லி எழுதுங்கள். தண்ணீர் ஊற்றுவதும் சாதாரண சிமென்டுக்கு 7 நாள் என்றால் கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள்.

தள ஆய்வுக்குக் கார்பன் புத்தகம் ஒன்று வாங்குங்கள். பார்த்ததை அங்கேயே எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்கி, ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்று மாலையே படங்களை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாயால் சொன்ன திருத்தம் காங்கிரீட் விழுந்தபிறகு நிற்காது. 5 கனமீட்டர் காங்கிரீட்டுக்குக் குறைந்தது ஒரு சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று கியூப் (உடைத்துச் சோதிக்கும் காங்கிரீட் கட்டை). 28 நாள் முடிவு வராமல் அடுத்த கட்டப் பொறுப்பைப் பற்றி எதுவும் எழுதித் தராதீர்கள்.

11. ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட், இன்சூரன்ஸ்

பழைய கட்டடத்துக்குச் சான்று கேட்டு வருவார்கள். பள்ளி, திருமண மண்டபம், டவர் ஏற்றப்போகும் மொட்டைமாடி. "ஒரு கையெழுத்துதானே சார், ரெண்டாயிரம் தர்றோம்." அந்தக் கட்டடத்துக்குள் போகாமல் கையெழுத்திடாதீர்கள். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் அடுக்குமாடி சரிந்து 61 பேர் இறந்த ஊர்ப்பக்கத்தில்தான் நாம் தொழில் செய்கிறோம். பழைய டிராயிங் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அளந்து வரையுங்கள், ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் கருவிகளால் காங்கிரீட்டைச் சோதியுங்கள், தேவைப்பட்டால் கோர் (துளையிட்டு எடுக்கும் காங்கிரீட் துண்டு) எடுத்தும் சோதியுங்கள். சான்றில் எந்தத் தேதியில் எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கமுடியவில்லை, எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை காலத்துக்கு என்பவை இருக்கட்டும். சோதனைச் செலவு வாடிக்கையாளருடையது, உங்கள் கட்டணம் தனி. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேலையை விட்டுவிடுங்கள்.

புரொஃபஷனல் இன்டெம்னிட்டி பாலிசி (தொழில் தவறுக்கு உங்களிடம் கேட்கும் நஷ்டஈட்டை ஏற்கும் இன்சூரன்ஸ்) எடுக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். இது கோரிக்கை வரும் ஆண்டில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பலன் தரும் வகை. ஒரு ஆண்டு புதுப்பிக்கத் தவறினால் பழைய வேலைகளுக்கும் பாதுகாப்பு போய்விடும். 'ரெட்ரோஆக்டிவ் டேட்' (எந்த நாள் முதல் செய்த வேலைக்குப் பாதுகாப்பு என்பது) உங்கள் முதல் வேலைக்கு முந்தைய நாளாக இருக்கிறதா என்று பாருங்கள். உயிர்ச்சேதம் ஏற்பட்டு வரும் குற்ற வழக்கின் தண்டனையை எந்தப் பாலிசியும் ஏற்காது. குடியிருப்புத் திட்டங்களில் ஸ்ட்ரக்சுரல் குறைக்கு ரெரா எனும் ரியல் எஸ்டேட் சட்டப்படி பில்டரின் பொறுப்பு ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டு. அந்தத் திட்டப் பதிவில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக உங்கள் பெயரும் இருக்கும். ஆகவே பாலிசியைக் குறைந்தது அதுவரை விடாமல் ஓட்டுங்கள்.

12. வருமான வரியும் வராத பணமும்

இன்ஜினியரிங் தொழிலுக்கு உத்தேச வருமான முறை உண்டு. எல்லோரும் 44 ஏடிஏ என்று அழைப்பது இதைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் மாறினாலும் முறை தொடர்கிறது. ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் கணக்குப் புத்தகங்களும் ஆடிட்டும் வேண்டாம். கட்டிக்கொடுக்கும் தொழிலுக்கான 6 அல்லது 8 சதவீத முறையில் டிசைன் வரவைக் காட்டாதீர்கள். சில ஏஜென்டுகள் வரி குறையும் என்று சொல்லி அப்படிப் போட்டுவிடுவார்கள், பதில் சொல்லவேண்டியது நீங்கள். முன்வரியை ஒரே தவணையாக மார்ச் 15-க்குள் கட்டவேண்டும். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால், முதல் சில ஆண்டுகளில் பிடித்த டி.டி.எஸ். பெரும்பாலும் திரும்ப வரும். ஆனால் அது உங்கள் பான் பதிவில் ஏறியிருக்கவேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவை (26 ஏஎஸ் என்பார்கள்) வரித்துறைத் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் பிடிக்கவேண்டியதே இல்லை என்பதையும் கணக்காளரிடம் சொல்லுங்கள்.

பணம் நின்றால்? உத்யம் பதிவு பெற்றவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தரவேண்டும் என்பது சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. அதோடு, அந்த நாளுக்குள் தராத தொகையைப் பில்டர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டமுடியாது, பணத்தைத் தரும் ஆண்டில்தான் காட்டலாம். பில்டரை அசைப்பது வட்டியைவிட இதுதான். பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சிடுங்கள். பிப்ரவரி கடைசியில் நிலுவைப் பட்டியலோடு கணக்காளருக்கு ஒரு மரியாதையான கடிதம் அனுப்புங்கள். எனக்கு வராமல் கிடந்த மூன்று பில்களில் இரண்டு மார்ச் மாதத்தில் இப்படித்தான் வந்தன. அப்படியும் வராவிட்டால் சிறு நிறுவனங்களின் நிலுவைப் பணத்துக்கான அரசுத் தளத்தில் மனு. முடிவுக்கு 90 நாள் என்கிறது சட்டம், நடப்பில் அதைத் தாண்டும். பாக்கியைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு என்பதால் 'பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள்.

13. இடையில் விலக நேர்ந்தால்

பில்டர் உங்களை நிறுத்திவிட்டு வேறொருவரைப் பிடிப்பார். அல்லது உங்கள் டிராயிங்கை மீறிக் கட்டுவதைப் பார்த்து நீங்களே விலகுவீர்கள். எதுவானாலும் அனுமதிக் கோப்பில் உங்கள் பெயரும் பதிவு எண்ணும் அப்படியே இருக்கும். பில்டருக்குக் கடிதம் எழுதுவதோடு நிற்காமல் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் தனியாக எழுதுங்கள். எந்தத் தேதிவரை, எந்தத் தளம்வரை நீங்கள் பார்த்தீர்கள், கடைசியாக வெளியிட்ட ரிவிஷன் எது, அப்போது தளத்தில் என்ன நிலை என்று படத்தோடு கொடுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்று வந்ததும் அதையும் கணக்கு, கியூப் முடிவு, ஆய்வுத் தாள்களோடு சேர்த்து ஒரே கோப்பில் கட்டுங்கள். கணினியில் ஒரு பிரதி, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி. வேலை முடிந்து பத்து ஆண்டு ஆனாலும் அதைத் தூக்கிப்போடாதீர்கள்.